நாம் ஜெயித்த ஹாக்கி மேட்ச்

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் தும்முகிறவன் வெளியூர்க்காரன். இரண்டு பக்கமும் மிளகும் சுக்கும் அடுக்கிய பண்டகசாலைகள். அந்தத் தூளிலேயே வளர்ந்த உள்ளூர்க்காரர்கள் மூக்கைக்கூடச் சுருக்குவதில்லை. முப்பது வருடத்துக்கு முன் குமாஸ்தா வேலைக்கு வந்த முதல் நாள், முதலாளி நீட்டிய கடிதத்தின் மேலேயே பதினேழு தும்மல் போட்டவன் நான். அது எப்போது நின்றதென்று நினைவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் அந்தத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றாவிட்டால் எனக்குச் சாயா இறங்காது.

அப்படி ஒரு காலையில், பண்டகசாலைத் தூணைப் பிடித்துக்கொண்டு என் வயதுக்காரர் ஒருவர் விடாமல் தும்மிக்கொண்டிருந்தார். நடுவில் மூச்சு கிடைத்தபோது, "சவம், நிக்க மாட்டேங்கே!" என்று தன் மூக்கையே ஏசினார். எங்கள் ஊர் வசவான அந்தச் 'சவம்' காதில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி காலமானபின் என் வீட்டில் முழுசாகத் தமிழ் பேச ஆள் கிடையாது. மகனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். மருமகள் திருச்சூர்க்காரி.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை. இங்க பக்கத்துல சுள்ளிக்கல்லுல மக வீட்டோட இருக்க வந்துட்டேன்."

"காலேஜும் அங்கதானா?"

"ஆமா, இன்டர்மீடியட். சுதந்திரத்துக்கு முந்தின வருசம். பேரு பேச்சிமுத்து."

நானும் அதே வருடம் பாளையங்கோட்டையில் படித்தவன்தான்; எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு பேச்சிமுத்து இருந்தான். முகம் மறந்துபோயிருந்தது. எதிரே நின்றவரின் வழுக்கையையும் பொக்கைவாயையும் கழித்துவிட்டுப் பார்த்தேன். கணக்குச் சரியாக வந்தது. "எலே, நான் சங்கரன்லா!" என்று கட்டிக்கொண்டேன். அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, "சங்கரனா! எம்புட்டு வருசமாச்சு வே!" என்றார்.

அன்றிலிருந்து தினமும் குட்டப்பனின் சாயாக்கடை பெஞ்சு எங்களுக்கு. நாற்பது வருடக் கதையை ஆளுக்குப் பாதியாகப் பேசித் தீர்த்தோம். அவர் ரயில்வே சரக்கு ஆபீசில் இருந்தது, சர்க்கரை வியாதி, கண் ஆபரேஷன் எல்லாம் கேட்டேன். என் மனைவியின் கடைசி நாட்களை முதன்முதலாக இன்னொருவரிடம் சொன்னது அந்த பெஞ்சில்தான். என்னோடு சேர்ந்து அவரும் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எதிர்க் காலேஜோட ஆடுன ஹாக்கி மேட்ச் ஞாபகம் இருக்கா வே?" என்று பேச்சை மாற்றினார்.

"மறக்குமா? மூணுக்கு ரெண்டு. நாம ஜெயிச்சோம்லா!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவரும் "நாமதான் வே!" என்று திருப்பிக் குலுக்கினார்.

சின்னச் சின்னப் பிணக்குகள் இல்லாமல் இல்லை. காலேஜ் வாசலில் புளியமரம் நின்றது என்பார் அவர். அங்கே மரமே கிடையாது என்பேன் நான். கணக்கு வாத்தியார் வழுக்கை என்பார். எனக்கு அவருடைய குடுமி இன்றும் கண்ணில் நிற்கிறது. பாவம், மனுஷனுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். அவரும் என்னைப் பற்றி அதையேதான் நினைத்திருக்கிறார். ஞாபக சக்திக்கு வெண்டைக்காய் சாப்பிடச் சொன்னார். ஒருநாள் குட்டப்பன் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே, "சாரே, நிங்ஙள் ரெண்டாளும் படிச்சது ரெண்டு காலேஜிலாணு" என்றான். "எங்க தமிழு உமக்கு என்ன மனசிலாச்சு?" என்று சிரித்துவிட்டேன்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் பாளையங்கோட்டை போனேன். பஸ்ஸைவிட்டு இறங்கி செம்மண் தூசியில் கால் வைத்ததும் தும்மல் பிடித்துக்கொண்டது. "வெளியூரா அய்யா? நம்ம ஊரு காத்து ஒத்துக்கலையோ?" என்றாள் பூக்காரி. நான் பிறந்த ஊர் இது என்று சொல்ல வாயெடுத்தேன்; அதற்கும் தும்மல்தான் வந்தது.

பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். "சங்கரன்தானே? நான் பேச்சிமுத்து. கடைசி பெஞ்சு." பாயசம் எனக்குப் புரையேறிவிட்டது.

"நம்ம வகுப்புல வேற பேச்சிமுத்து உண்டா?"

"நான் ஒருத்தன்தான்."

"வாசல்ல புளியமரம்?"

"அது அந்தப் பயலுவ காலேஜ்லலா நிக்கி!"

ஆக, இத்தனை மாதமும் எதிர்க் காலேஜ்காரனிடம் உட்கார்ந்து என் வீட்டு ரகசியமெல்லாம் கொட்டியிருக்கிறேன். எதிரெதிர்க் காலேஜ்காரர்கள் இருவருமே ஜெயித்த ஹாக்கி மேட்ச் மர்மமும் அங்கேதான் துலங்கியது. கடைசி கோலில் தகராறு வந்து நடுவர் சைக்கிளில் தப்பி ஓடிவிட்டாராம். இரண்டு காலேஜும் அன்றைக்கு வெற்றி ஊர்வலம் போயிருக்கின்றன. புறப்படும்போது அசல் பேச்சிமுத்து வீட்டிலிருந்து பழைய வகுப்புப் படத்தை எடுத்துவந்து, "நீரே வச்சிக்கிடும், இங்க செல்லரிச்சுப் போகுது" என்று கொடுத்தார்.

ரயிலில் எனக்குத் தூக்கமில்லை. உண்மையைச் சொன்னால் சாயாக்கடைப் பேச்சிமுத்து கூச்சப்பட்டு வராமல் போய்விடுவார். அப்புறம் நான் மிளகு மூட்டையோடுதான் பேச வேண்டும். படத்தை யாருக்கும் காட்டாமல் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முடிவெல்லாம் வீடு வரைக்கும்தான். குளித்துவிட்டு வந்து பார்த்தால், கல்யாண விசேஷம் கேட்க வந்த பேச்சிமுத்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "அச்சன்றெ கிளாஸ் ஃபோட்டோ!" என்று மருமகள் என் பையிலிருந்து அதை எடுத்து அவர் மடியிலேயே வைத்துவிட்டிருந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தார். குளித்த உடம்பு எனக்கு மறுபடி வேர்த்தது. வெகுநேரம் கழித்து மூன்றாவது வரிசையில் விரலை வைத்தார்.

"இந்தா, இதுதான் நான்."

அது எங்கள் வகுப்புத் தானியேல்.

"ஆமா வே, அப்பவே மீசை வச்சிருந்தீரு" என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. "சங்கரா, அந்த மேட்ச்ல நாமதான ஜெயிச்சோம்?"

அவருக்கும் தெரிந்துவிட்டது. என்னைப் போலவே அவருக்கும் பயம் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"நாமதான் வே. மூணுக்கு ரெண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் துண்டைத் தேடினேன். பிறகு, "நீரு எங்க வே இருக்கீரு?" என்று கேட்டார். முதல் வரிசையின் ஓரத்தைக் காட்டினேன். என் முகம் இருந்த இடத்தை மட்டும் செல் வட்டமாகத் தின்றிருந்தது.

சட்டம் போடச் சோம்பல்பட்டு, படத்தை அப்படியே கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டேன். பேச்சிமுத்து இப்போது பஜார் சாலையில் தும்முவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் படத்தில் தன்னைக் காட்டுவார். ஒருநாள் மூன்றாவது வரிசை, இன்னொரு நாள் இரண்டாவது வரிசை. நான் திருத்துவதில்லை. என்னை எங்கே என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஓட்டையைத் தொட்டு, "சங்கரன் இந்தா இருக்காருல்லா" என்கிறார். ஓட்டைக்குள் மட்டாஞ்சேரிச் சுவரின் நீலச் சுண்ணாம்பு தெரிகிறது.