காப்புக் கட்டிய கித்தார்க்காரர்கள்

எங்கள் குழுவில் மூன்றே பேர். பாட்டும் கித்தாரும் நான். அருப்புக்கோட்டையில் பஞ்சு வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளை. அதனால் எல்லாவற்றையும் நான்தான் தீர்மானிக்க வேண்டும் என்று நினைப்பு. இன்னொரு கித்தார், அதே டவுனில் விசைத்தறி வைத்திருந்த வீட்டு நண்பன். டிரம்ஸ் அடிப்பவன் எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பையன். எழுபதுகளின் தொடக்கத்தில் மதுரையில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மாட்டிக்கொண்டோம். சிற்றலை ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவே இங்கிலீஷ் பாட்டுக் கேட்டுக் கெட்டுப்போனோம். குழுவுக்குப் பெயர் வைக்கவே ஒரு மாதம் சண்டை. வைத்த பெயரை இப்போது சொன்னால் என் பேரன் சிரிப்பான், சொல்லமாட்டேன்.

கல்லூரி விழாவில் முதல் தடவை மேடை ஏறியபோது பாதிப் பேர் ஊளையிட்டார்கள், பாதிப் பேர் ஆடினார்கள். ஆடியவர்கள் மட்டும்தான் எங்கள் கண்ணில் பட்டார்கள். விடுமுறைக்கு ஊர் வந்தால் நண்பனின் தறிக் கொட்டகையில் பயிற்சி. தறி ஓடுகிற சத்தத்தில் நாங்கள் என்ன கூத்தடித்தாலும் தெருவில் யாருக்கும் கேட்காது. எங்களுக்கே கேட்காது என்பதுதான் சங்கடம். டிரம்ஸ்காரன் மட்டும் தறியின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே விளையாடுவான். எங்கள் மூவரில் உண்மையான சங்கீதக்காரன் அவன்தான். இதை அவனிடம் அப்போது ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

சிக்கல் அவன் வீட்டில். "நம்ம வீட்டுல எவனும் கொட்டுத் தூக்குனதில்ல" என்று அவன் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சுக்குள் சாதி இருந்தது. அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கடைசி வருடம் மதுரையில் கல்லூரிகளுக்கிடையே ஒரு போட்டி வந்தது. ஜெயித்தால் நாலு இடத்தில் கூப்பிடுவார்கள், படிப்பு முடிந்த பிறகும் குழு நிற்கும். இல்லையென்றால் அவன் ஏர் பிடிக்கப் போவான், நான் பஞ்சு நிறுக்கப் போவேன். அவன் அப்பாவிடம் அனுமதி கேட்கப் போட்டிக்கு மூன்று நாள் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் அவனோடு கிராமத்துக்குப் போனோம்.

போன நேரம் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டு. கோயில் முன்னால் ஊரே வரிசையில் நின்று மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தது. அவன் அப்பாவின் மனதைக் குளிரவைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? முந்திக்கொண்டு கையை நீட்டினேன். நண்பனையும் இழுத்து நீட்டவைத்தேன். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"டவுனுப் பிள்ளைகன்னாலும் சாமிக்குப் பயப்படுறாக. சரிப்பா, போட்டிக்குப் போயிட்டு வாங்க" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "ஆனா காப்புக் கட்டியாச்சுல்ல தம்பி. எட்டு நாளைக்கு எங்க போனாலும் ராத்திரிக்கு ஊருக்குள்ள வந்து படுத்துரணும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. எங்கள் டவுனில் நேர்ந்துகொண்டவர்கள்தான் காப்புக் கட்டுவார்கள். அவர்களிலும் சிலர் சரக்கு எடுக்க மதுரை போய்த் தங்கி வருவார்கள், யாரும் கேட்பதில்லை. அதே நினைப்பில் கையை நீட்டிவிட்டேன். போட்டி முடிகிற நேரத்துக்கு ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்கும்.

"ஏலே, ஒரு ராத்திரிதான, வா" என்றேன் டிரம்ஸ்காரனிடம்.

"நான் வரல."

"சாமி என்ன, தலைய எண்ணிப் பாக்கப் போகுதா?"

"ஒனக்கென்ன, பஸ்ஸு ஏறிப் போயிருவ. மழை பெய்யலன்னா என்னயத்தான் கேப்பாக."

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. பட்டிக்காட்டான், பயந்தாங்கொள்ளி என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவன் எந்தப் பாட்டில் எங்கே அடிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி என் சட்டைப் பையில் வைத்தான்.

வேறு கல்லூரிப் பையன் ஒருவன் அந்தத் தாளைப் பார்த்து அடித்தான். கோப்பை எங்களுக்குத்தான். அன்று விடுதியிலேயே படுத்துவிட்டு, மறுநாள் மத்தியானம் கோப்பையோடு கிராமத்துக்குத் திரும்பினோம். பொங்கல் முடியும்வரை அவன் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். ஊருக்குள் படுக்காமல் தவறவிட்டது அந்த ஒரே ஒரு ராத்திரிதான். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தப் பாட்டுக்குலே கைதட்டுனாங்க?" என்று கேட்டான்.

படிப்பு முடிந்தது, குழு கலையாமல் நிலைத்தது. பந்தல்குடியில் ஒரு கல்யாணத்தில் வாசித்தோம். சினிமாப் பாட்டுக் கேட்டார்கள், அதையும் வாசித்தோம். அவன் அப்பாவும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த ஐப்பசியில் மழை பொய்த்தது. கார்த்திகையில் அவனிடமிருந்து ஒரு கார்டு வந்தது: 'இனி நான் வரவில்லை.' அவ்வளவுதான். மேடையில் கோப்பை வாங்கும்போது தான் இல்லாமல் போனோமே என்கிற பொறாமை என்று நானே முடிவு கட்டினேன். போய்ப் பார்க்கவும் இல்லை. வேறு ஆளை வைத்து ஒரு வருடம் நொண்டியடித்தோம். பிறகு குழு கலைந்தது. நான் கடையில் உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் அவன் கல்யாணப் பத்திரிகை வந்தது. வீம்பை விட்டுப் போனேன். பந்தியில் அவன் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மழை பொய்ச்ச வருசம் ஊர்க்கூட்டம் போட்டாக தம்பி. காப்புக் கட்டுன ரெண்டு டவுனுப் பயலுக பஸ்ஸு ஏறுனதப் பாத்தோம், ராத்திரி எறங்குனத எவனும் பாக்கலன்னாக. எம்மகன் கோயில்ல சூடத்த அணைச்சுட்டான். அன்னைக்கு ராத்திரி நீங்க எங்க வீட்டுலதான் படுத்திருந்தீகன்னு."

எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. என் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"பொய்ச் சத்தியம் பண்ணுன கை, இனிமே இதால கொட்டுத் தொடமாட்டேன்னு அவனாத்தான் விட்டான். நாங்கூடச் சொல்லிப் பாத்தேன், போய்த் தட்டுலேன்னு. கேக்கல."

ஒரு ராத்திரி ஊரைத் தாண்ட மாட்டேன் என்று சாமிக்குப் பயந்தவன். அவனைப் போய்ப் பொறாமைக்காரன் என்று இத்தனை வருடம் திட்டிக்கொண்டிருந்தேன். பந்தி என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டு நேரே மணமேடைக்குப் போனேன். மாலையும் கழுத்துமாக நின்றவனின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்லே எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

அவன் சிரித்தான்.

"சொன்னா நீ சும்மா இருப்பியா? கோவத்துல ஓடி வந்து ஊர் நடுவுல நின்னு உண்மையச் சொல்லிருப்ப. அப்புறம் நான் பண்ணுன சத்தியம் என்னத்துக்கு ஆகும்?"