கைராசிக்காரர்

அவருக்குக் குதிரைவண்டிதான் பிழைப்பு. ரயில் நிலையத்து வாசலில் ஊர்சுற்ற வந்தவர்களை ஏற்றிக்கொண்டு, கடலோரமாக ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவார். ஆனால் லாயத் தெருவில் வந்து வண்டிக்காரர் வீடு எது என்று கேட்டால் எவனும் முழிப்பான். 'டாக்டர்' வீடு என்று கேட்கவேண்டும். எந்தக் காலேஜில் படித்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கல்யாணத்துக்கு முந்தி கால்நடை ஆஸ்பத்திரி ஒன்றில் குதிரைகளைப் பிடித்து நிறுத்தும் வேலை பார்த்தார். டாக்டர் ஊசி போடுவார், இவர் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். படிப்பு அவ்வளவுதான்.

அதை வைத்துக்கொண்டு முதலில் தன் குதிரைக்குச் சத்து ஊசி போட்டார். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து லாயத்துக் குதிரைக்குக் காய்ச்சல் ஊசி போட்டார். அது தானாகவே தேறியிருக்கும், பெயர் இவருக்குப் போயிற்று. "அண்ணனுக்குக் கைராசி" என்று நாலு பேர் சொன்னதும் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மருந்துக்கடைக்காரனும் சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுத்தான். லாயத்துச் சுவரில் இருந்த மாடப்பிறையில் ஊசியும் புட்டியுமாக ஒரு தனி ஆஸ்பத்திரியே முளைத்தது.

அவருடைய பழுப்பு நிறக் குதிரைக்குச் சின்னவள் என்று பெயர். அப்படியானால் பெரியவள் யார் என்று கேட்க வேண்டியதில்லை. "எனக்கு ஒரு புடவை எடுக்க யோசிப்பாரு, என் சக்களத்திக்குப் புதுச் சேணம் வந்துரும்" என்று அவர் மனைவி தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சொல்லிவிட்டு அந்தச் சக்களத்திக்குத் தன் கையால்தான் கேரட் ஊட்டுவாள்.

தெருமுனையில் கால்நடை மருத்துவர் ஒரு பெண். சிறிய வயது, நறுக்கென்ற பேச்சு. ஒருமுறை எல்லா வண்டிக்காரர்களும் இருக்கும்போதே இவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி குத்தத் தெரிஞ்சா போதாதுங்க. எதைப் போடக்கூடாதுன்னு தெரியணும். எப்பப் போடக்கூடாதுன்னும் தெரியணும். இனிமே நீங்க தொடாதீங்க."

"தொடமாட்டேன் டாக்டரம்மா" என்றார் இவர். மூக்கறுபட்ட கோபம் மட்டும் உள்ளேயே கிடந்தது.

பிறகு ஒரு காலை, சின்னவள் தீனியை மோந்துகூடப் பார்க்கவில்லை. முன்காலால் தரையைப் பிறாண்டினாள், திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்த்தாள், படுத்துப் புரண்டாள். வயிற்றுவலி என்று இவருக்குத் தெரிந்துவிட்டது. பிறையிலிருந்து வலி ஊசியை எடுத்துக் கழுத்து நரம்பில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து அமைதியாக நின்றாள். பார்த்தாயா என்று சொல்ல அவர் வெளியே வந்தால், மனைவி மருத்துவருக்குப் போன் போட்டு முடித்திருந்தாள். கையிலிருந்த காலிப் புட்டி சட்டைப்பைக்குள் போயிற்று.

மருத்துவர் வந்தாள். வாசலில் வண்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். குழாயை வைத்து வயிற்றுச் சத்தத்தைக் கேட்டாள், நாடி பார்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏதாவது ஊசி போட்டீங்களா?"

வாசலில் அத்தனை கண்கள். இவர் கை தானாகச் சட்டைப்பையை மூடிக்கொண்டது.

"இல்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வலி ஊசி எதுவும்?"

"அதான் தொடமாட்டேன்னு சொன்னேனே டாக்டரம்மா" என்றார் வாய் கூசாமல்.

மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

"வயித்துல சத்தம் கம்மியா இருக்கு. ஆனா குடல் முறுக்கியிருந்தா இப்படி நிக்காது, துடிச்சுப் போயிரும். வாயுவாத்தான் இருக்கணும். தீனி போடாதீங்க. மறுபடி புரண்டா உடனே கூப்பிடுங்க." மருந்து கொடுத்துவிட்டு மருத்துவர் போனாள்.

மத்தியானத்துக்கு மேல் ஊசியின் வேகம் தணிந்தது. சின்னவள் வேர்த்துக் கொட்ட விழுந்தாள். சுவரில் மோதி மோதிப் புரண்டாள். மனைவி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள்.

"காலையிலயே நான் வாயத் தெறந்திருக்கணும். உங்க மானத்தைப் பார்த்தேன். இவ உசிரைப் பார்க்கலையே, பாவி."

அவர் போனை எடுத்தார். "டாக்டரம்மா, காலையில நான் ஊசி போட்டிருந்தேன்."

அந்தப் பக்கம் "வர்றேன்" என்று மட்டும் கேட்டது.

வந்து என்ன செய்ய? குடல் முறுக்கிக்கொண்டு வெகுநேரம் ஆகியிருந்தது. "காலையில தெரிஞ்சிருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தி அனுப்பியிருப்பேன்" என்றாள் மெதுவாக. திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பொழுது சாய்வதற்குள் சின்னவள் போய்விட்டாள்.

மறுநாள் துக்கம் கேட்க வண்டிக்காரர்கள் வந்தார்கள். வெறும் லாயத்தின் முன்னால் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து லாயத்துக்காரன் இருமுகிற தன் குதிரையையும் கையோடு பிடித்து வந்திருந்தான்.

"வந்து பார்த்துட்டு வாயுன்னு சொல்லிட்டுப் போனாளே, அந்தம்மா என்னத்தைப் படிச்சாளோ. நம்ம தெருவுல இனி ஒருத்தனும் அவகிட்டப் போகமாட்டான் டாக்டரே. நீங்களே ஒரு ஊசி போட்டிருந்தா சின்னவ பொழைச்சிருப்பா."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். மருத்துவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சும்மா இருந்தாலே போதும், பெயர் தப்பிவிடும், கைராசியும் தப்பிவிடும். கதவோரம் மனைவி நின்றாள். இந்தமுறையும் அவள் வாயைத் திறக்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். அந்தச் சட்டையை அவர் இன்னும் மாற்றவில்லை. காலிப் புட்டியை எடுத்துப் பக்கத்து லாயத்துக்காரன் உள்ளங்கையில் வைத்தார்.

"போட்டேன்பா. அந்தம்மா வர்றதுக்கு முன்னாடியே போட்டேன். கேட்டப்ப இல்லைன்னுட்டேன்."

அவன் புட்டியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு, குதிரையின் கயிற்றைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு தெருமுனைப் பக்கம் நடந்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

இப்போது லாயத் தெருவில் வண்டிக்காரர் வீடு எது என்று கேட்டாலே காட்டிவிடுகிறார்கள்.