பால்ச்சாமி இன்னும் லைனில் இருக்கிறான்

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இராஜபாளையம் சோலைராஜ் பட்டாளத்தில் பொய் எழுதியது ஒரே ஒரு முறை. இது அந்தப் பொய்க்குப் பிறகு அவனுக்கு நடந்தது, அத்தனையும் நிஜம்.

1991. எல்லை முகாமில் அவன் முன்னால் இரண்டு ஒயர்லெஸ் பெட்டிகள். ஒன்றில் மலையில் திரியும் ரோந்துக்காரர்கள் தாங்கள் நிற்கும் இடத்தைச் சொல்வார்கள். மற்றதில் பீரங்கிக்காரர்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இங்கே கேட்டதை அங்கே சொல்ல நடுவில் இவன் ஒருவன்தான்.

ஆகஸ்டில் ஒரு நாள், பகல் 1.20. ரோந்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்ச்சாமி கூப்பிட்டான்.

"ஏலே சோலை, ஓடையத் தாண்டிட்டோம். மேப்புல நாலு ஏழு ரெண்டு. பீரங்கிக்குச் சொல்லிரு."

அதே நேரம் அடுத்த பெட்டியும் அலறியது. "பொறு" என்றான் சோலைராஜ். ஒயர்லெஸ்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. 'பொறு' என்றவன் திரும்பி வந்து, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும்வரை மற்றவன் லைனை விடக்கூடாது.

சோலைராஜ் திரும்பி வரவில்லை. கூச்சலில் மறந்தே போனான். எதிரி என்று நினைத்து பீரங்கிக்காரர்கள் 472-இல் குண்டு போட்டார்கள். பால்ச்சாமி செத்துப்போனான்.

பதிவேட்டில் சோலைராஜ் எழுதினான்: செய்தி வரவில்லை.

நவம்பர் 14. விடுப்பில் வந்தவன், துக்கம் கேட்கப் பால்ச்சாமி வீட்டுக்குப் போனான். மனைவி செல்லத்தாய் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, அவிய கடைசியா ஏதும் பேசுனாவளா?"

"இல்லம்மா."

மணி 1.20. கரண்ட் இல்லை. அலமாரி ரேடியோ கரகரத்தது...

"தெனமும் இந்நேரந்தாண்ணே. பேட்டரியக் கழத்திட்டேன். அப்பயும் கேக்கு. அவிய குரல்தான்... யாருக்காகப் பொறுத்திருக்காவ?"

கர்ர்ர்...

"நாலு... ஏழு... ரெண்டு..."

கர்ர்ர்...

"பொறுத்திருக்கேன்லே..."

சோலைராஜ் துள்ளி எழுந்தான்.

"எனக்காகத்தாம்மா! நாந்தான் பொறுன்னேன். மறந்துட்டேன். பொய் எழுதிட்டேன்!"

செல்லத்தாய் வீறிட்டு அழுதாள்.

அவன் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "நாலு ஏழு ரெண்டு! நம்ம ஆளுக! சுடாதீக!"

கரகரப்பு நின்றது.

மணி 1.22.

டிசம்பரில் முகாமுக்குத் திரும்பியதும், அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினான். வழியில் பீரங்கி முகாம் ஒயர்லெஸ்காரன் பொன்னுராஜ் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். இவன் விடுப்பில் போனது அவனுக்குத் தெரியாது.

"போன மாசம் ஆறு உசுரக் காப்பாத்திட்டியண்ணே! 472-ல நம்ம ரோந்து நிக்கது எங்களுக்குத் தெரியாது. சுடப்போற நேரம் நீங்க ஒயர்லெஸ்ல கத்துனிய."

கையிலிருந்த பீரங்கிப் பதிவேட்டையும் காட்டினான். நவம்பர் 14. பகல் 1.22. சொன்னவர்: சோலைராஜ்.

"ஒண்ணு மட்டும் வெளங்கலண்ணே" என்றான் பொன்னுராஜ். "ஒங்க முகாம்ல ஏது பொம்பள? ஒங்களுக்குப் பின்னால அழுதது யாரு?"