ஹம்சாவின் அப்பா வைத்திருந்த மடக்குக்கத்தி

அகிலன் அவிநாசிக்காரர். கோயம்புத்தூரில் உலோகவியல் படித்துவிட்டு, கலிஃபோர்னியாவில் சான்டா கிளாராவில் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் பதிமூன்று வருடம் வேலை பார்த்தார். வந்து சேரும் உலோகம், விற்றவன் சொன்ன உலோகம்தானா என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு அவரையும் சேர்த்து ஒரு குழுவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு மனைவி சண்முகப்ரியாவின் விசாவில் ஒட்டிக்கொண்டு, ஃப்ரீமான்ட்டில் மகளை ஸ்கூலில் விடுவதும் கூட்டிவருவதும் சமைப்பதுமாக இருந்தார். யாராவது "இப்ப எங்க வொர்க் பண்றீங்க?" என்று கேட்டுவிடுவார்களே என்று கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார்.

அவரிடம் வேலை பழகிய முகுந்த் இப்போது அதே சோதனைக்கூடத்துக்குத் தலைவன். அங்கே ஓர் இடம் காலியாகியிருந்தது. முகுந்த் அகிலன் பெயரை ரிஃபரலாக, அதாவது சிபாரிசாகக் கொடுத்தால் இன்டர்வியூ நிச்சயம். அதனால் அவன் பக்கத்து ஊரான டப்ளினில் இருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது, அகிலனின் சட்டையைச் சண்முகப்ரியாவே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். காரில் போகும்போது ஒன்றை மட்டும் சொன்னாள்.

"ஏனுங்க, அங்க போயி லெக்சர் எடுக்காதீங்க. வேலை கெடைக்கற வரைக்கும் அவரு சொல்றதுதான் சரி."

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகுந்தின் மனைவி ஹம்சா ஒரு பழைய மடக்குக்கத்தியை அகிலன் கையில் கொடுத்தாள். எலும்புக் கைப்பிடி. அலகின் அடியில் இருந்த முத்திரை தேய்ந்து இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். வால்பாறையில் எஸ்டேட் அதிகாரியாக இருந்த அவளுடைய அப்பா சாகும்வரை பாக்கெட்டிலேயே வைத்திருந்தது. இப்படி ஒரு எஃகு இனிமேல் கிடைக்காது என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாராம்.

"நீங்க ஒருதடவை பாத்துச் சொல்லுங்கண்ணா. இவரு லேப்ல வெச்சுப் பாத்துட்டு வெறும் இரும்புன்னுட்டாரு. மாமனாரை எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் சொல்லிச் சிரிக்கறாரு. எனக்கு ஒருமாதிரி இருக்கு."

நாற்காலி எடுத்துவர கராஜுக்குப் போனபோது அகிலன் கத்தியை விரித்துப் பார்த்தார். அலகு முழுக்க நீலமும் சாம்பலுமாகக் கறை. அன்று காலை அதில் எலுமிச்சம்பழம் நறுக்கியதாக ஹம்சா சொல்லியிருந்தாள். துருப்பிடிக்காத எஃகு எலுமிச்சைக்கு இப்படிக் கறுக்காது, இது கறுத்திருந்தது. அங்கே தொங்கிய ஒரு அரத்தை எடுத்து, அலகின் அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மெல்ல இழுத்தார். வெறும் இரும்பென்றால் அரம் கடித்துத் தூள் எடுத்திருக்கும். இதில் கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. கார்பன் நிறையச் சேர்த்து நெருப்பில் பதப்படுத்திய எஃகு. அவருக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தன் வேலையைச் செய்த சந்தோஷத்தோடு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

முகுந்த் எங்கே தவறினான் என்பதும் அவருக்குத் தெரிந்தது. சோதனைக்கூடத்தில் துப்பாக்கிபோல ஒரு கருவி உண்டு. உலோகத்தின்மேல் வைத்து அழுத்தினால் என்னென்ன கலந்திருக்கிறது என்று திரையில் வரும். ஆனால் கார்பன் அதற்குத் தெரியாது. கார்பன் மிக லேசானது. அதிலிருந்து வரும் கதிர் கருவிக்கு வந்துசேர்வதற்குள் காற்றிலேயே நின்றுவிடும். எஃகை எஃகாக்கும் பொருளே அந்தத் திரையில் வராது. முகுந்த் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அகிலன் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். சோதனைக்கூடத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். முகுந்த் அகிலன் பக்கம் சாய்ந்து, மண்டே ரிஃபரல் போட்டுவிடுவதாகச் சொன்னான். அப்புறம் சத்தமாகவே ஆரம்பித்தான்.

"ஹம்சா உங்ககிட்ட அப்பீலுக்கு வந்துட்டாளா? நீங்களே சொல்லுங்கண்ணா. மெஷின் நைன்ட்டி எய்ட் பர்சன்ட்டுக்கு மேல அயர்ன்னு காட்டுது. குரோமியம் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எலுமிச்சம்பழத்த வெட்டினாலே கறுத்துப்போகுது. இது கத்தியா, ஜன்னல் கம்பியா?"

வந்தவர்கள் சிரித்தார்கள். ஹம்சா ரசக் கரண்டியோடு அகிலனைப் பார்த்தபடி நின்றாள். சண்முகப்ரியாவும் அவரைத்தான் பார்த்தாள்.

"முகுந்த் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அகிலன். "மெஷின் பொய் சொல்லாது."

"அப்படிங்களாண்ணா" என்றாள் ஹம்சா. அவருக்கு ரசம் ஊற்றாமலே அடுத்த இலைக்குப் போய்விட்டாள். சாப்பாடு முடிந்ததும் முகுந்த் கத்தியை எடுத்துப்போய் கராஜில், கார்ட்டன் கிழிக்கிற சாமான்களோடு போட்டான். திரும்பி வரும்போது சண்முகப்ரியா, இன்றைக்குத்தான் புத்தியோடு பேசினீர்கள் என்று பாராட்டினாள்.

திங்கட்கிழமை ரிஃபரல் வரவில்லை. கேட்டால், ஹெச்.ஆரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று முகுந்த் மெசேஜ் போட்டான். பிறகு அதுவும் நின்றது.

ஒருநாள் மதியம், மகளைக் கூட்டிவர ஸ்கூல் வாசலில் கார் வரிசையில் நின்றிருந்தபோது ஹம்சா போனில் கூப்பிட்டாள். வேலிக்கு அடிக்க வாங்கிய பெயின்ட் டப்பாவின் மூடியை முகுந்த் அந்தக் கத்தியால் நெம்பியிருக்கிறான். நுனி பட்டென்று ஒடிந்துவிட்டது. வெறும் இரும்பென்றால் வளையும், இப்படி ஒடியாது. அது முகுந்துக்கும் தெரியும். ஒடிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். அப்புறம் தன்மேல் தப்பில்லை என்பதுபோலப் பேசினானாம்.

"என்னன்னாருங்கண்ணா தெரியுமா? நானாச்சும் அவசரத்துல பாத்தேன், அகிலண்ணா கையில வெச்சுப் பாத்தவரு, அவருக்கே பேசிக்ஸ் மறந்துபோச்சு, நல்லவேளை பேரக் குடுக்கலன்னாரு." அவள் குரல் தணிந்தது. "உங்களுக்கு நெஜமாவே தெரியலீங்களாண்ணா?"

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் அதோடு விட்டிருப்பாள். அவருக்கும் அது புரிந்தது. ஆனால் உலோகம் தெரியாதவன் என்று ஒருத்தி நினைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"தெரியும்மா. அன்னைக்கே அரம் போட்டுப் பாத்தேன். உங்கப்பா சொன்னது சரிதான். அருமையான எஃகு."



"அப்ப எல்லாரும் எங்கப்பாவைப் பாத்துச் சிரிக்கையில, தெரிஞ்சுதான் உக்காந்திருந்தீங்க" என்று சொல்லிவிட்டு ஹம்சா போனை வைத்தாள்.

பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். முன்னால் இருந்த கார்கள் எப்போதோ நகர்ந்துவிட்டிருந்தன.