குழாய்க்கு மேலே எடுத்த தண்ணீர்

கரமனை ஆற்றில் கழிவு விடும் ஹோட்டலின் குழாயை மூடச் சொல்லிக் கூட்டம் கூடிய அன்று, என் பையில் இரண்டு ரிசல்ட் இருந்தன. நான் அப்போது அரசு லேபில் கெமிஸ்ட். குழாய்க்குக் கீழே எடுத்த சாம்பிளில் மலக்கிருமி அதிகம். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் குழாய்க்கு மேலே, ஆறு வரும் பக்கத்தில், அக்ரஹார வீடுகளின் பின்புறம் எடுத்த தண்ணீரும் அதே அளவுக்கு மோசம். நம்பாமல் மறுபடி எடுத்துப் பார்த்தேன். மாறவில்லை.

ஜீப்பிலேயே எங்கள் மலையாளி எஞ்சினியர் எச்சரித்தார்: "மேலே எடுத்ததைப் பத்திப் பேச வேண்டாம், கேட்டோ. புகார் கொடுத்ததே அந்தத் தெருக்காரங்க. அடி கிடைக்கும்."

கூட்டம் நடந்த ஹாலில் என்னால் உட்காரவே முடியவில்லை. ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். புகாரில் முதல் கையெழுத்துப் போட்ட அலமேலு மாமி, ஹோட்டல் மேனேஜரை நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்: "இந்தப் படித்துறையில குளிச்சவா நாங்க. இப்போ கால் வைக்க முடியறதோ?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "எங்க குழாயை அடைச்சா ஆறு சுத்தமாயிடுமா மேடம்? அதை மட்டும் சொல்லுங்க."

இரண்டு ரிசல்ட்டையும் வாசித்தேன்.

"ஹோட்டல்காரன் ஆளா நீ?" என்று பின்வரிசையில் ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். எஞ்சினியர் தலையைக் குனிந்துகொண்டார். மாமிதான் கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார்.

"எங்காத்து செப்டிக் டேங்க் நிரம்பினா எங்கே போறதுன்னு நான் யோசிச்சதே இல்லை. இப்பவே பார்த்துடலாம், வாங்கோ."

கசிவு கண்டுபிடிக்கும் பச்சைச் சாயம் ஜீப்பில் இருந்தது. மாமி வீட்டுக் கழிப்பறையில் ஊற்றித் தண்ணீர் விட்டுவிட்டு, எல்லோரும் படித்துறையில் நின்றோம். ஒன்றும் தெரியவில்லை. என் கணக்கு தப்போ என்று கரையில் மேலும் கீழும் நடந்தேன். பிறகு சேம்பிலைகளுக்கு அடியிலிருந்து பச்சை மெல்ல ஆற்றில் இறங்கியது.

மாமியின் முகம் வெளுத்துப்போனது. மேனேஜர் பக்கம் திரும்பிச் சொன்னார்: "முதல்ல எங்காத்துதை அடைக்கறேன். அப்புறம் உங்களுது. தப்பிக்கலாம்னு பார்க்காதேங்கோ."

மாமி அடைத்தார். தெருவே அவரைப் பார்த்து டிரெய்னேஜ் கனெக்‌ஷன் எடுத்தது. இரண்டு வீடுகள் மட்டும் இன்றுவரை மசியவில்லை. ஹோட்டலும் குழாயை அடைத்துச் சுத்திகரிப்பு பிளான்ட் வைத்தது. நான் நோட்டீஸ் அனுப்பி மூடவைத்த எத்தனையோ குழாய்கள் ஆறே மாதத்தில் வேறு இடத்தில் வாய் திறந்திருக்கின்றன. மாமி வீட்டுக் கசிவும் ஹோட்டல் குழாயும் திறக்கவில்லை.

ஆறு சுத்தமாகிவிட்டதா என்றால், இல்லை. கரமனைப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கூட்டத்துக்குப் பிடிக்காத சாம்பிளை முதலில் வாசியுங்கள்.