சனிக்கிழமை வரை தாங்க வேண்டிய தரை

வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் வைத்தேன் என்று நெல்லித்தோப்பில் எங்கள் தெருவே என்னைப் பற்றிப் பேசியது. அதிலும் ஆம்பளை ஆள். பேசட்டும் என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன். காலையில் அறுபது பெண்பிள்ளைகள் முன்னால் போய் நிற்க வேண்டியவள், குசினியில் சமையல் வேலையையும் முடித்துவிட்டு மூன்று அறைத் தரையையும் மண்டி போட்டுத் தேய்க்க முடியாது. முடியும் என்று சொல்கிறவர்கள் வந்து தேய்த்துக் காட்டியிருக்கலாம். ஒருத்தரும் வரவில்லை.

அது பிரெஞ்சுக் கொடியை இறக்கி இரண்டு மூன்று வருஷம் ஆன சமயம். கடற்கரைப் பக்கத்துத் துரை வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. அங்கே வேலை பார்த்தவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். அவர்களில் ஒருவர், பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் தரைக்கு மெழுகு போட்டவர், சும்மா உட்காரவில்லை. ஒரு வாளி, ஒரு டப்பா மெழுகு, காலால் அழுத்தித் தேய்க்கப் பாதித் தேங்காய் மட்டை இரண்டு, எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் வாரம் ஒரு தடவை என்று முறை வைத்து வர ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமை மத்தியானம். எங்கள் வீட்டுத் தரை காவி போட்ட சிமெண்டு. மனுஷன் இரண்டு காலிலும் மட்டையை வைத்துக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டே போவார். அவர் போன பிறகு குனிந்து பார்த்தால் மூக்குத்தி தெரியும்.

அந்த மாற்றத்தில் எனக்குக் கிடைத்தது இன்னொன்றும் உண்டு. கடலூர் எல்லையில் இருந்த சுங்கச் சாவடியை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால், கடலூரில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார், மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வருவார். சாவடி போனதும் நினைத்த நாளில் பஸ் ஏறினார். ஊருக்கெல்லாம் விடுதலை வந்தது, எனக்கு நாத்தனார் வந்தார்.

என் கணவருக்கு அக்கா. தாய் செத்த பிறகு தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எனக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்ததும் அவர் போட்ட நிபந்தனையையும் குறைத்துச் சொல்லமாட்டேன். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மாமனார், கணவர், நான் மூன்று பேரும் நிற்க, சொன்னார்:

"போவட்டும், நான் வேணாங்கல. ஆனா நான் என்னிக்கு வந்து பாத்தாலும் தரையில மொகம் தெரியணும். தெரியலன்னா ஊரான் வூட்டுப் புள்ளைங்களுக்குப் பாடம் சொன்னது போதும்."

கணவர் தலையை ஆட்டினார். ஆட்டியதோடு விட்டாரா? பள்ளிக்கூட ஆபீசில் அப்போதும் பிரெஞ்சில்தான் கடுதாசி போகும். என் ராஜிநாமாவை அழகான பிரெஞ்சில் அவரே எழுதி, சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால் சொருகி வைத்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அக்காளைச் சமாதானப்படுத்தத்தான், வேறொன்றுமில்லை என்றார். தினமும் காலையில் அந்தக் கண்ணாடியில்தான் பொட்டு வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன்.

இரண்டு மாதம் நாய் படாத பாடு பட்டேன். சனிக்கிழமை மினுமினுக்கிற தரை ஞாயிற்றுக்கிழமை தாங்கும், திங்கட்கிழமையும் ஒப்பேற்றிவிடலாம். செவ்வாய்க்கிழமையிலிருந்து மானம் போகும். மெழுகு போட்ட தரையில் ஈரத்துணி படக்கூடாது, பட்டால் வெளுத்துப் பூத்துவிடும். அதனால் வெள்ளிக்கிழமை தண்ணீர் விட்டு வீடு கழுவுகிற வழக்கத்தையும் வாசலோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கும் பேச்சு வாங்கினேன். உள்ளே உலர்ந்த துணிதான். வாசலில் சாக்குப் பை விரித்து, காலைத் தேய்த்துவிட்டு வாருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சினேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பெருக்குவேன். பெருக்குவதற்கு முன்னால் பொறுக்குவேன். அதுதான் பெரிய வேலை. கணவரின் சட்டை, கழற்றிய இடத்தில். சைக்கிள் மிதிக்கும்போது காலில் மாட்டுகிற கிளிப், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. படித்த பேப்பர் தாள் தாளாக. மாமனார் மேரி என்கிற நகராட்சி ஆபீசில் சேவகம் பார்த்து பென்ஷன் வாங்குகிறவர், நல்ல மனுஷர், ஆனால் சுருட்டுச் சாம்பலும் வெற்றிலைக் காம்பும் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் எங்கே வேண்டுமானாலும் விழும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப் போயிற்று.

ஒரு சனிக்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் மெழுகுக்காரர் வேலையை முடித்துவிட்டிருந்தார். கூடம் பளபளவென்று இருந்தது. நடுவில் கணவரின் சட்டை கிடந்தது. இரண்டு தாள் பேப்பர். ஒரு துண்டு. எதையும் அவர் தொடவில்லை, சுற்றிச் சுற்றித் தேய்த்திருக்கிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இன்னாங்க இது, பாதி வேலை பண்ணிட்டு நிக்கிறீங்க?"

"முழு வேலதான் மதாம். நான் அழுக்கத்தான் எடுப்பேன். சாமான் எடுக்கறது என் வேல இல்ல. தொர வூட்லயே எடுத்ததில்ல. போட்டவங்க எடுப்பாங்க."

வாளியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் சட்டையை எடுத்தேன். அதற்குக் கீழே தரை மங்கலாக, கையும் கழுத்துமாகச் சட்டையின் வடிவத்திலேயே இருந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். இரண்டு மாதமாக நான் என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பாடுபடவில்லை, இவர்கள் போட்டதை ஒளித்து வைக்கப் பாடுபட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் நான் எடுத்துவிட்டால், யார் போட்டது என்று யாருக்குத் தெரியும்?

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து முந்தானையில் ஒரு சாக்பீஸ் முடிந்துகொண்டு வந்தேன்.

மண்ணும் தூசியும் யாருடையதும் இல்லை, அதை நான் பெருக்குவேன். சொந்தக்காரர் இருக்கிற சாமானை இனிமேல் தொடமாட்டேன். கிடக்கிற இடத்திலேயே அதைச் சுற்றி ஒரு வட்டம். அவ்வளவுதான் சட்டம். முதல் வட்டம் கணவரின் சட்டைக்கு. ஆலை வேலை முடிந்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாடி, சில்லு ஆடப் போறியா?"

"ஆடல. போட்டவங்க எடுக்கற வரைக்கும் அது அங்கதான் இருக்கும்."

"நான் எடுக்கலன்னா?"

"எடுக்காதீங்க. எனக்கு என்னா?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வட்டத்தைத் தாண்டித் தாண்டி நடந்தார். மறுநாள் வேண்டுமென்றே இன்னொரு சட்டை. அதற்கும் ஒரு வட்டம். உடுத்த சட்டை தீர்ந்துபோனால் பனியனோடு போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மாமனார் அப்படியில்லை. தன் சாம்பலைச் சுற்றி நான் வட்டம் போடுவதைப் பார்த்ததும், "பார்தோன், பார்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒரு அட்டையை எடுத்து வந்து தானே வாரினார். வட்டத்தையும் துண்டால் துடைத்துவிட்டு, சரிதானே என்று என்னைப் பார்த்தார். சின்னப் பிள்ளையாட்டம். மறுநாளிலிருந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி வந்தது.

வியாழக்கிழமை எண்ணிப் பார்த்தேன். பதினொரு வட்டம். பதினொன்றும் கணவருடையது. அக்கா வந்தால் என்ன ஆகும் என்று அவர் ஒரு தடவை கேட்டார். வரட்டுமே என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, குசினிக்குள் போனதும் வகுப்பு ஞாபகம்தான் வந்தது. அங்கே ஒரு பெண், இரண்டு மாதமாக வாயே திறக்காதவள், அன்றைக்குத்தான் எழுந்து நின்று ஒரு பாட்டை முழுதாக ஒப்பித்திருந்தாள். அவளை விட்டுவிட்டு வீட்டில் உட்காருவதா? கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் காகிதத்தின் முனை வெள்ளையாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், வாசலில் நாத்தனாரின் செருப்பு.

வெள்ளிக்கிழமைதானே வருவார்! மெழுகு போட்டு ஆறு நாள் ஆன தரையைப் பார்க்க அதைவிட நல்ல நாள் எது? உள்ளே போனேன். நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த ராஜிநாமா. கணவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். மாமனார் மூலையில் சுருட்டைப் பற்ற வைக்காமல் கையில் பிடித்திருந்தார். தரை முழுக்க வட்டம் வட்டமாகச் சட்டையும் பேப்பரும் துண்டும் கிளிப்பும்.

"வாம்மா டீச்சர். வூடா இது? குப்பமேடு தேவலாம். இதுல கோலம் வேற."

"கோலம் இல்ல அண்ணி. ஒவ்வொண்ணும் யாரு போட்டதோ அவங்க எடுக்கணும்னு அடையாளம். ஒண்ணுகூட என்னுது இல்ல. நல்லா பாருங்க."

"ஆம்பளைங்க போடத்தான் செய்வாங்க. எடுத்து வெக்கத்தான் பொம்பள."

"அவரு சம்பாதிக்கப் போறாரு, நானும்தான் போறேன். எனக்கு மட்டும் நாலு கையா இருக்கு?"

இப்படி நான் அவரிடம் அதுவரைக்கும் பேசியதில்லை. நாத்தனாரின் முகம் சிவந்துபோயிற்று. தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். பார்க்க நிறைய இருந்தது தரையில்.

"அவ்ளோ வாய் வந்துடுச்சா? பேச்சு பேச்சாத்தான இருந்துது? மொகம் தெரியலன்னா வேல வேணாம்னு. போடு கையெழுத்து."

சொல்லிவிட்டு அந்தக் காகிதத்தை என் காலடியில் விட்டெறிந்தார். அது பறந்து போய் என் பாதத்துக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அந்த வீட்டில் அவர் சொல்லி நடக்காத காரியம் அதுவரை கிடையாது. குனிந்து அதை எடுத்திருந்தால் கையெழுத்தும் போட்டிருப்பேன், எனக்குத் தெரியும். எடுத்த கை போடாமல் இருக்காது. நான் குனிந்தேன்தான். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாக்பீஸை எடுத்து, காகிதத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். வட்டம் கோணவில்லை, தினமும் கரும்பலகையில் போடுகிற கை அது.

நிமிர்ந்து சொன்னேன்: "இது உங்களுது அண்ணி. நீங்க போட்டது. நீங்களே எடுங்க."

நாத்தனார் தம்பியிடம் கையை நீட்டினார்.

"டேய், எடுத்துக் குடுடா அத."

கணவர் ஒரு எட்டு வைத்தார். குனியவும் குனிந்தார். அப்போது மூலையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"தொடாதடா. போட்டவங்கதான் எடுக்கணும். நானே எடுத்திருக்கேன்."

சொல்லிவிட்டு சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டார். கணவர் குனிந்தபடியே கையைத் திருப்பி, காகிதத்துக்குப் பக்கத்தில் கிடந்த தன்னுடைய சட்டையை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி நான்கு வருஷம், சட்டை மாட்டுகிற ஆணி எங்கே இருக்கிறது என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. நான் காட்டவில்லை. தேடிக் கண்டுபிடித்தார்.

நாத்தனார் எழுந்தார். காபி போட்டுத் தருகிறேன் என்றேன், மனதாரத்தான் சொன்னேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, வட்டங்களை மிதிக்காமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கணவர் பஸ் ஏற்றிவிடப் போனார்.

சனிக்கிழமை மெழுகுக்காரர் வந்தபோது தரையில் ஒரே ஒரு வட்டம்தான் இருந்தது. அவர் வழக்கம்போல அதற்குள் கிடந்த காகிதத்தை ஒட்டிச் சுற்றித் தேய்த்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் காகிதம் அங்கேயே கிடந்தது. மூன்று பேரும் சுற்றிக்கொண்டு நடந்தோம். திங்கட்கிழமை காலையில் கண்ணாடியில் பொட்டு வைத்துக்கொண்டு, அதைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் காகிதம் இல்லை. குசினி அடுப்பில் புதுச் சாம்பல் கொஞ்சம் இருந்தது. யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சட்டை ஆணியில் தொங்கியது.

அடுத்த சனிக்கிழமை மெழுகுக்காரர் கூடத்து நடுவில் நின்று காலால் காட்டினார்.

"மதாம், இந்த எடம் மட்டும் மங்கலா நிக்குது. ரெண்டு தேய் தேய்ச்சா சரியாயிடும்."

பார்த்தேன். ஒரு காகித அளவுக்கு, சதுரமாக, மெழுகு படாத இடம். சுற்றிலும் தரை கண்ணாடியாட்டம் இருந்தது.

"வேணாம். அத விட்டுடுங்க," என்றேன். "எங்க அண்ணி வந்தா பாக்கட்டும்."