தவறணை என்று ஒரு சொல்

எங்கள் பாடசாலை ஓய்வறையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், நான் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். பத்து வயதுப் பிள்ளைகளை இப்படிப் பிழிந்தெடுக்கக் கூடாது, பரீட்சையை நிறுத்தவேண்டும் என்பார் ஒருவர். நிறுத்தினால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை எந்த வழியால் கண்டி டவுன் பள்ளிக்கு வரும் என்று மேசையைத் தட்டுவார் இன்னொருவர். இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. வாய்க்காரி என்று பெயரெடுத்த நான் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அதற்குக் காரணம் ஒரு பிள்ளை.

சில வருடங்களுக்கு முன் தெல்தோட்டைப் பக்கம் ஒரு சின்னத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டுக்குப் படிப்பித்தேன். கண்டியிலிருந்து காலை பஸ்ஸில் போய், கடைசி ஒரு மைல் நடப்பேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள். நல்ல தமிழ் என்றால் எங்கள் ஊர்த் தமிழ்தான் என்ற தடிப்பு எனக்குத் தாராளமாக இருந்தது. "டீச்சர் பேசுறது ரேடியோ மாதிரி இருக்கு" என்று பிள்ளைகள் சொன்னதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பாடசாலையில் எட்டாம் ஆண்டுக்கு மேல் வகுப்பு இல்லை. அதற்குப் பிறகு பெண்பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவார்கள், அல்லது கொழும்பில் யார் வீட்டுக்காவது வேலைக்குப் போவார்கள். இவள் அப்படிப் போகக்கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம்.

பெற்றோர் கூட்டத்தில், பரீட்சைக்குத் தோற்றுவது கட்டாயமில்லை என்று அறிவித்தோம். அவளுடைய தாய் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"கட்டாயம் இல்லன்னா விட்டுறலாங்களா டீச்சர்? பரீட்ச பரீட்சன்னு புள்ள சோறு கூடத் திங்க மாட்டேங்குது."

"விடாதேங்கோ. மற்றப் பிள்ளையளுக்கு எப்படியோ, இவளுக்குக் கட்டாயம். பாஸ் பண்ணினா கண்டியிலை பெரிய பள்ளிக்கூடம், ஹொஸ்டல். இஞ்சை இருந்தா என்ன கிடைக்கும்?"

"நீங்க சொன்னா சரிதாங்க" என்று போய்விட்டார்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் மாதிரிப் பரீட்சை ஒன்று வைத்தேன். வீட்டில் ஒருவர் செய்யும் தொழிலைப் பற்றிச் சில வரிகள் எழுதவேண்டும். அவள் எழுதியது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்: 'என் அம்மா தவறணையில் வேலை செய்கிறார். பள்ளி விட்டதும் நானும் அங்கே போவேன். வரிசையாக நிற்கும் எல்லோருக்கும் என் கையால் ஊற்றுவேன். ஆடி ஆடி நிற்பவர்களை அம்மா பிடித்து நிமிர்த்தி விடுவார்.'

எங்கள் ஊரில் தவறணை என்றால் கள்ளு விற்கும் இடம். பெண்பிள்ளையைக் கொண்டுபோய்க் கள்ளு ஊற்ற வைக்கிறாளே ஒரு தாய்! எழுதிய எல்லாவற்றுக்கும் மேலே சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு இழுத்து முட்டை போட்டேன். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டேன்.

"அம்மாவின்ரை வேலையைப் பற்றி இனி எங்கையும் எழுதாதை. வெட்கமில்லையே? திருத்துற ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"சரிங்க டீச்சர்" என்றாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அது என்ன வேலை என்று நானும் கேட்கவில்லை. ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றிய நிம்மதியோடு அன்று பஸ் ஏறினேன்.

அதன்பின் மழை, நூலகம், எங்கள் பாடசாலை என்று கொடுத்த தலைப்புக்கெல்லாம் அழகாக எழுதினாள். பரீட்சை முடிந்து வெளியே வந்தவளிடம் எல்லாவற்றுக்கும் விடை எழுதினாயா என்று கேட்டபோது தலையைக் குனிந்தபடி ஆட்டினாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு வந்தது. வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளி குறைவு. வெட்டுப்புள்ளி என்ற சொல்லை நூறு தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது வெட்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆறுதல் சொல்ல அவர்களுடைய லயத்து வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. "தாயும் மகளும் தவறணையில இருக்காங்க டீச்சர், வாங்க காட்டுறேன்" என்றார் பக்கத்து வீட்டுப் பெண். இதைச் சொல்ல ஒரு கூச்சம் கூட இல்லையே என்று மனதுக்குள் பொருமிக்கொண்டு அவருக்குப் பின்னால் இறங்கினேன். ஓடைக்குப் பக்கத்தில் என்னை விட்டுவிட்டு அவர் திரும்பிப் போனார்.

மேலே பச்சை வலை கட்டியிருந்தது. கீழே மண் நிரப்பிய கறுப்புப் பொலித்தீன் பைகள் வரிசை வரிசையாக. ஒவ்வொரு பையிலும் விரலளவு உயரத்தில் ஒரு தேயிலைக் கன்று. தாய் குந்தியிருந்து, சாய்ந்த கன்று ஒன்றைப் பிடித்து நிமிர்த்தி மண்ணை அமுக்கிக்கொண்டிருந்தார். மகள் பூவாளியால் வரிசைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இதுவே தவறணை?" என்றேன்.

"ஆமாங்க, கன்னு வளக்குற எடம். ஒங்க ஊர்ல இதுக்கு வேற பேருங்களா?" என்றார் தாய்.

நான் பிள்ளையைப் பார்த்தேன். "பரீட்சையிலை ஏதும் எழுதாமல் விட்டனியே?"

பூவாளியைக் கீழே வைத்தாள். "கட்டுரை எழுதல டீச்சர். 'என் அம்மா'ன்னு வந்திச்சு. அம்மா வேலய எழுதக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல. அத விட்டுட்டு அம்மாவப் பத்தி என்ன எழுதுறதுன்னு தெரியல."

தாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மறைக்க வழியில்லை. கள்ளுக்கடை என்று நினைத்ததையும் முட்டை போட்டதையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "அய்யய்யோ, கள்ளுக்கடயா!" என்று மண் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

பிள்ளை சிரிக்கவில்லை. "அப்ப நான் அத எழுதியிருக்கலாங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.